பை திறக்கப்படவில்லை

ஜனவரி 6, திங்கள்

இன்று மூன்று குழந்தைகள் புதிதாக வந்தார்கள். இல்லத்தில் இப்போது இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் ஆஸ்துமா. கீழே தூசி, புகை, பூஞ்சை என்று ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டி, பள்ளிக்கூடத்தைப் பாதி நாள் விட்டவர்கள். கோத்தகிரிக்கு மேலே இந்த மேட்டில் பன்னிரண்டு வாரம் வைத்திருந்து அனுப்புகிறோம்.

டாக்டர் ஹெப்சிபா புதிதாக வரும் பெற்றோரிடம் தவறாமல் ஒன்று சொல்வார். "மலைக்காத்து பாதி மருந்துதாங்க. மீதிப் பாதி, நீங்க கீழயே விட்டுட்டு வர்ற சாமான்." வீட்டு மெத்தை, தலையணை, கம்பளி, பஞ்சு பொம்மை எதுவும் உள்ளே வரக்கூடாது. வாசல் மேசையில் பையைக் கொட்டிப் பார்த்து, கூடாதவற்றைத் தகர அறையில் பூட்டி, பதிவேட்டில் கையெழுத்திடுவது என் வேலை. காலையும் மாலையும் மதிய ஓய்வு முடிந்தபின்பும் குழந்தைகளை ஊதுகுழாயில் ஊத வைத்து, மூச்சின் வேகத்தைக் காட்டும் எண்ணை எழுதுவதும் என் வேலை. ஒவ்வொருவரும் மூன்று முறை ஊத வேண்டும். மூன்றில் பெரிய எண்தான் செல்லும். இந்த விதி எனக்குப் பிடிக்கும். தப்பாக ஊதிய இரண்டையும் யாரும் எழுதி வைப்பதில்லை.

மூன்றாவதாக வந்த குழந்தை கனிஷ்கா. ஒன்பது வயது. பல்லடம் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். அம்மா பெயர் துளசிமணி. அவருடைய காதுக்குப் பின்னால், முடியில், ஒரு வெள்ளைப் பிசிர் ஒட்டியிருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் அம்மிணி, நீங்க நம்ம..." என்று ஆரம்பித்தார்.

"இங்க கையெழுத்துப் போடுங்க. ஜீப்பு கிளம்பப் போகுது" என்றேன்.

போட்டுவிட்டுப் போனார். மூன்று பைகளும் சரி என்று பதிவேட்டில் கையெழுத்திட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

உறைபனி. பேனா எழுதவில்லை. கனிஷ்கா காலை 150, மாலை 200.

ஜனவரி 9, வியாழன்

சிஸ்டர் ஜெமிமா பச்சை ரவிக்கைத் துணி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். இங்கே நர்ஸ் அவர் ஒருவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு மேசையில், உங்கம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார். தையல் கடை வைத்திருக்கிறார் என்று சொன்னேன். தையல் கடை எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"இங்க இருக்கிற டெய்லருக்கு என் கைய அளக்கவே தெரியல மைனா. சட்டை மாதிரி முழங்கையில வந்து நிக்குது. உங்கம்மா கையால ஒண்ணு தச்சுக் குடுக்கச் சொல்லு. அளவு ப்ளவுஸ் உள்ளயே இருக்கு."

சரி என்றேன். சனிக்கிழமை கடைவீதிக்குப் போகும்போது வேறு ஒரு டெய்லரைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 11, சனி

உறை துவைக்கும் நாள். குழந்தைகளே தலையணை உறையின் ஜிப்பைத் திறந்து, உறையை உருவி, வாளியில் கொண்டுவந்து போட வேண்டும். வழக்கமாகக் கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்குவோம். கனிஷ்கா கூப்பிடும் முன்பே முதல் ஆளாகப் போட்டுவிட்டாள்.

அதிகம் பேசாத பெண். ஊதும்போது மட்டும் என் மேசையோடு ஒட்டி நிற்பாள். எண்களைக் குறிக்கும் அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை இருக்கும்.

"அக்கா, நான் எப்ப பச்சைக்கு வருவேன்?"

"வந்துருவ."

"உங்களுக்குத் தெரியுமா, சும்மா சொல்றீங்களா?"

இன்று ஓய்வு முடிந்து குனிந்து ஊதியபோது அவள் தலையிலிருந்து ஒரு வாசனை வந்தது. தேங்காய் எண்ணெயாக இருக்கும்.

ரவிக்கையை டெய்லரிடம் கொடுத்துவிட்டேன். கை நீளத்தை மூன்று முறை சொன்னேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். புகை ஆகாது என்பதால் இங்கே கேஸ் அடுப்பில்தான் பானை. பொங்கியதும் குழந்தைகள் கத்தினார்கள். கத்தி முடித்துப் பாதிப் பேர் இருமினார்கள். போன மாதம் முக்கால் பேர் இருமியிருப்பார்கள்.

பதினொரு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"துளசி மவ அங்கதான் இருக்குதாமா கண்ணு? பாத்தயா?"

"நிறையப் பேர் இருக்காங்கம்மா. பேரெல்லாம் ஞாபகமில்ல."

"செவப்பா, ஒல்லியா இருக்கும். நீ சின்னதுல இருந்தாப்புலயே." அம்மா இருமினாள். போனைத் தள்ளி வைத்துக்கொண்டு இருமுவது கேட்டது. பிறகு, "நானும் ஒரு நாளைக்கு வந்து நீ வேல செய்யற எடத்தப் பாத்துப்போட்டு வரட்டுமா? ஞாயித்துக்கிழம விடறாங்களாமா?"

"உனக்குக் குளிர் ஒத்துக்காதும்மா."

"அதுஞ்செரி" என்றாள்.

ஜனவரி 18, சனி

எல்லோருடைய அட்டையையும் சுவரில் வரிசையாக ஒட்டினேன். நான் படித்தது புள்ளியியல். எங்கள் தெருவில் கல்லூரி வரை போனது நான் ஒருத்திதான். அந்தப் படிப்பு இங்கே இதற்காவது உதவுகிறது. மற்ற குழந்தைகளின் கோடு படிக்கட்டுபோல மெல்ல ஏறுகிறது. கனிஷ்காவின் கோடு ரம்பப் பல். காலையில் கீழே, மாலையில் மேலே. மதிய ஓய்வுக்கு முன்பும் ஊத வைத்துப் பார்த்தேன்: படுக்கும்முன் 200 என்றால் எழுந்தபின் 160. ஓடியாடினால் ஏறுகிறது. படுத்து எழுந்தால் இறங்குகிறது.

டாக்டர் அட்டையின் முன் நெடுநேரம் நின்றார். கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடச் சொன்னார். இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்கச் சொன்னார்.

"உங்களுக்கு என்ன தோணுது மைனா? நம்பர் படிச்சவங்க நீங்க."

"தெரியலைங்க டாக்டர்" என்றேன்.

நான் என்ன டாக்டரா?

ஜனவரி 20, திங்கள்

மதியம் இரண்டரை. ஓய்வு நேரம். கனிஷ்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. கூப்பிடக் குரல் இல்லாததால் கட்டில் கம்பியில் டம்ளரைத் தட்டியிருக்கிறாள். சிஸ்டர் ஜெமிமா ஓடிவந்து புகைபோல மருந்து வரும் முகமூடியை மாட்டினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். உதடு நீலமாக இருந்தது. அரை மணி கழித்து ஊத வைத்தோம். 90.

கீழேயிருந்து மருந்து வந்ததும், நாளை மறுநாள் முதல் ஸ்டீராய்டு மாத்திரை என்றார் டாக்டர்.

"மூணாம் தேதி எல்லாக் குழந்தைகளையும் பரிசீலனை பண்ணணும். முப்பது பேர் இடத்துக்குக் காத்திருக்காங்க. இந்தப் பொண்ணுக்கு மலை ஒத்துக்கலைன்னா, வச்சிருந்து பிரயோஜனம் இல்ல. கீழ அனுப்ப வேண்டியதுதான்."

கீழே என்றால் எங்கே என்று டாக்டருக்குத் தெரியாது.

ஜனவரி 21, செவ்வாய்

பொய் எழுத ஒரு நோட்டு எதற்கு?

ஆறாம் தேதி கனிஷ்காவின் பையை நான் திறக்கவில்லை.

துளசிமணியை ஜீப்பிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது. என் அம்மாவோடு ஒரே குடோனில், ஒரே பாயில் உட்கார்ந்து, மில்களிலிருந்து வரும் வேஸ்ட் பஞ்சைப் பிரித்துப் போடுபவர். என்னைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கியவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் நாலு கதவு. சிஸ்டர் ஜெமிமா பக்கத்திலேயே நின்றிருந்தார். பையைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்தால் நேரம் ஆகும். நேரம் ஆனால், வேலாத்தா மகளா நீ என்று கேட்டுவிடுவார். அதனால் திறக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

பள்ளியில் என் பெயர் பஞ்சு. பின் பெஞ்சுப் பெண்கள் என் முடியிலிருந்து பிசிரை எடுத்து ஊதி விளையாடுவார்கள். கல்லூரிக்குப் போகும்முன் தினமும் இருபது நிமிடம் தலை சீவுவேன். இதைக் காரணம் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அந்த வாசனையும் தேங்காய் எண்ணெய் இல்லை. மெஷின் எண்ணெயும் தூசியும் சேர்ந்த வாசனை. கல்லூரி முடிக்கும் வரை நான் அதில்தான் தலை வைத்துத் தூங்கினேன்.

இன்று எல்லோரும் வெயிலில் விளையாடப் போனதும் கனிஷ்காவின் கட்டிலுக்குப் போனேன். உறையின் ஜிப்பைத் திறந்தேன். இல்லத்து ஸ்பாஞ்சு தலையணைக்குப் பின்னால், ஒரு சாண் அகலத்தில், நீலப் பூப்போட்ட பழைய சேலைத்துணியில் தைத்த குட்டித் தலையணை. திரும்பினால் அவள் நிற்கிறாள்.

"அம்மா தச்சதுக்கா. வெள்ளையாப் பொறுக்கிப் பொறுக்கி வச்சுச்சு. இது இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. துவைக்கிற நாளைக்குப் பொட்டிக்குள்ள வச்சுக்குவேன்." அழவில்லை. ஏதோ பேரம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்க. நானும் சொல்லல."

"நீ எதைச் சொல்லல?"

"நீங்க வேலாத்தா அத்தை புள்ளைன்னு. அம்மா சொல்லுச்சு, அக்காவுக்குக் கூச்சமா இருக்குது, நம்மளத் தெரியாதாட்டம் இருக்குது, நீயும் தெரியாதாட்டமே இருந்துக்கன்னு."

பதினைந்து நாளாக ஒரு ஒன்பது வயதுக் குழந்தை எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டு.

ஜனவரி 22, புதன்

குட்டித் தலையணையை பிளாஸ்டிக் பையில் கட்டித் தகர அறையில் வைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. கனிஷ்காவிடம், அது உனக்கு மூச்சு முட்ட வைக்கிறது என்று சொன்னேன்.

"எங்கம்மா தச்சது எனக்கு ஏன் முட்டும்?" என்று கேட்டாள். ஓய்வு நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

இன்று காலைதான் மாத்திரையும் தொடங்கியது.

ஜனவரி 24, வெள்ளி

காலை 200, ஓய்வுக்குப் பின் 210, மாலை 220. பச்சைப் பட்டையைத் தொட்டுவிட்டாள். குழந்தைகள் கை தட்டினார்கள்.

ரவிக்கை வந்துவிட்டது. சிஸ்டர் ஜெமிமா போட்டுக்கொண்டு வந்து திரும்பித் திரும்பிக் காட்டினார். "கை வச்ச இடத்தைப் பாரு, அப்படியே அளவெடுத்த மாதிரி! உங்கம்மாவுக்குத் தங்கக் கை மைனா."

சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்தேன்.

ஜனவரி 27, திங்கள்

சரியாகவில்லை.

டாக்டர் சொல்லச் சொல்ல, கனிஷ்காவின் ஊர் டாக்டருக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். மலைக்காற்றால் மட்டும் பலன் தெரியவில்லை, மாத்திரை தொடங்கியதும் நல்ல மாற்றம், ஆகவே வீட்டுக்குப் போனபின்பும் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடர வேண்டியிருக்கும். "வளர்ற குழந்தைக்கு இதைக் குடுக்கறதுக்கு எனக்கு மனசே இல்ல. ஆனா வேற வழி இல்லயே" என்றார் டாக்டர்.

முதலாமாண்டிலேயே படித்த பாடம். ஒரே நாளில் இரண்டை மாற்றினால், பலன் எதனுடையது என்று சொல்ல முடியாது. ஒன்றை மட்டும்தான் டாக்டர் பார்த்தார். மற்றதை நான் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

அந்த வீட்டில் இருக்கும் எல்லாத் தலையணையிலும் அதே பஞ்சுதான். துளசிமணி அக்காவிடம் யாரும் சொல்லப்போவதில்லை. பன்னிரண்டு வாரம் முடிந்து வரும் மகளுக்கு, புதிதாக வெள்ளைப் பஞ்சு பொறுக்கி ஒன்று தைத்து வைத்திருப்பார்.

இரண்டு முறை டாக்டர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மூன்றாவது முறை உள்ளே போனேன். பையை மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சரியாகச் சொல்லவில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன்.

டாக்டர் பையின் முடிச்சை அவிழ்க்காமலே திருப்பிப் பார்த்தார்.

"துணி சுத்தமாத்தானே இருக்கு. உள்ள இருக்கிறது மில் கழிவுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எங்கம்மா அதே குடோன்லதான் டாக்டர் வேலை செய்றாங்க. இருபது வருஷமா."

அந்த வார்த்தையைச் சொன்னால் ஏதாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு தாளை இழுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். குடோனுக்கும் குழந்தை வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? வேலை முடிந்து வரும் துணியை எங்கே போடுகிறார்கள்? ஜன்னல் உண்டா? எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

பேனாவை மூடி வைத்தார்.

"இந்தக் குழந்தைக்கு நான் ஏழு நாள் ஸ்டீராய்டு குடுத்திருக்கேன் மைனா. அன்னிக்கு அந்த முகமூடி மெஷின் ரிப்பேரா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சீங்களா? உங்கம்மா என்ன வேலை செய்றாங்கங்கிறது எனக்கு ஒரு தகவல். முதல் நாளே குடுத்திருக்க வேண்டிய தகவல்."

டாக்டர் மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

"அம்மாவுக்கு இருமல் உண்டா?"

"உண்டுங்க."

"எத்தனை வருஷமா?"

இருபத்திரண்டு குழந்தைகளின் காலை எண்ணும் மாலை எண்ணும் எனக்கு மனப்பாடம். இதற்குப் பதில் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார்.

மாத்திரையை இன்றோடு நிறுத்திவிட்டு எண்களைக் கவனிக்கிறோம். இனிப் பைகளை சிஸ்டர் ஜெமிமா பார்ப்பார். எனக்கு எண்கள் மட்டும். பதிவேட்டில் ஆறாம் தேதி வரிக்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன்: பை திறக்கப்படவில்லை. மைனாவதி.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை துளசியக்காவோடு வா என்றேன்.

"குளுரு ஒத்துக்காதுன்னயே கண்ணு."

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள்.

"ஸ்வெட்டர் வாங்கி வைக்கிறேன்மா" என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

மாத்திரை இல்லாமல் மூன்றாம் நாள். 220, 220, 230. டாக்டர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கனிஷ்கா இருக்கலாம் என்றார்.

நீலப்பூத் துணியைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு, கொதிநீரில் இரண்டு முறை துவைத்து, ஸ்பாஞ்சு தலையணைமேல் கட்டிக் கொடுத்தேன். கனிஷ்கா முகர்ந்து பார்த்தாள்.

"சோப்பு நாத்தம்" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பத்தரை மணிக்கு வந்தார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் இருந்தாள். தலை முழுக்க எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்க்கா, உள்ள வாங்க" என்று துளசியக்கா இழுத்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு. "உங்கம்மாளோட பெரிய ரோதனை. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும், எந்தலையில பஞ்சு இருக்குதா பாரு, எந்தலையில இருக்குதா பாருன்னு. ரெண்டு பேரும் கொரங்காட்டம் மாத்தி மாத்தித் தல பாத்துக்கிட்டு நிக்கறோம், ஊரே பாக்குது!"

அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துளசியக்காவை உட்கார வைத்துத் தலையணை விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சுத்தமா இருக்கறதாப் பாத்துத்தான் கண்ணு வச்சேன். எம் புள்ளைக்கு நானே..."

"இல்லீங்கக்கா. உங்க தப்பில்ல. உள்ள விட்டிருக்கக்கூடாது. அன்னிக்கு நான் பையைத் தொறக்கல."

"நானும்தான் தெரிஞ்சும் பேசாமப் போயிட்டேன். உனக்கு என்னமோ சங்கடம்னு." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "கேட்டிருந்தா நாலு நல்ல வார்த்தை பேசிட்டுப் போயிருப்பேன். கடிச்சா தின்னுருப்பேன்?"

அப்போதுதான் சிஸ்டர் ஜெமிமா வந்தார். பச்சை ரவிக்கை போட்டிருந்தார். தலையணை விஷயம் அவருக்குத் தெரியும். தையல் கடை பொய் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நேராக அம்மாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா! வந்துட்டீங்களா? பாருங்க, நீங்க தச்ச ப்ளவுஸ்தான். என்ன அழகாத் தச்சிருக்கீங்க!"

அம்மா ரவிக்கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நல்லா இருந்துச்சுங்களா? கையி பிடிக்கலைங்களே?" என்றாள்.

இருபது வருடத்தில் அம்மா பட்டன் தவிர எதையும் தைத்ததில்லை. நான் சொன்ன பொய்யை, என்ன ஏது என்று கேட்காமல், தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா தைக்கல சிஸ்டர்" என்றேன். "கடைவீதி டெய்லர் தச்சது. அம்மாவுக்குத் தையல் கடை இல்ல. வேஸ்ட் பஞ்சு குடோன்ல வேலை."

சிஸ்டர் ஜெமிமா பிடித்த கையை விடவில்லை. என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது. அம்மாவைப் பார்த்து, "குளிருதா உங்களுக்கு? டீ கொண்டாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"எதுக்குக் கண்ணு அந்த நர்சம்மா முன்னால" என்றாள் அம்மா மெதுவாக. "இருந்துட்டுப் போவுது."

டாக்டரைப் பார்க்கும்முன் எண் எடுக்க வேண்டும். அம்மாவை என் மேசைக்கு முன் நிற்க வைத்தேன். ஊதுகுழாயில் புது வாய்க்குழல் மாட்டினேன். எப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் வந்து நின்ற கனிஷ்கா முந்திக்கொண்டாள்.

"நல்லா மூச்ச இழுங்கத்தை. பல்லு படாம வாயி வைக்கோணும். கேக்குல மெழுகுவத்தி அணைக்கறாப்புல ஒரே ஊது!"

அம்மா ஊதினாள். 140. இருமல் வந்தது. உட்கார வைத்தேன். மறுபடியும் ஊதினாள். 150. மூன்றாவது முறை கண்ணை இறுக்கிக்கொண்டு, சேலை நுனியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊதினாள். 170.

"எனக்கு இரநூத்தி முப்பது!" என்றாள் கனிஷ்கா.

பதிவேட்டில் புதுப் பக்கம் எடுத்தேன். வேலாத்தா. வயது 47. வேலை: வேஸ்ட் பஞ்சு பிரித்தல், இருபது வருடம். நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். மூன்றில் பெரியது 170. அம்மாவின் உயரத்துக்கும் வயதுக்கும் பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்று பார்த்தேன். இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும்.

"நூத்துக்கு மேலயே வாங்கிட்டேனே. பாஸுதான கண்ணு?"

ஆமாம் என்று சொல்வது எனக்கு மிகவும் சுலபம். வாய்வரை வந்துவிட்டது.

"இல்லம்மா" என்றேன்.